நானூற்றுப் பன்னிரண்டு விளக்குகளும் என்னைக் கண்டால் அணைந்துவிடுவது குறித்து

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் துணைவியாரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்றும், தங்கள் இடது முழங்கால் முன்னைக்குத் தேவலையாக இருக்கும் என்றும் நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம். இன்னும் துல்லியமாகச் சொல்வதானால், தங்கள் தங்கை மிக மிக நலம். நான் எழுத உட்கார்ந்ததற்கு அதுவே காரணம்.

நாற்பத்தொரு ஆண்டுகளுக்கு முன், எங்கள் திருமணத்தன்று, தாங்கள் என்னைத் தனியே அழைத்துப்போய், "என் தங்கச்சியால உங்களுக்கு ஏதாவது மனக்குறைன்னா யார்கிட்டயும் சொல்லாதீங்க, எனக்கு ஒரு கடிதம் போடுங்க, நான் பாத்துக்கறேன்" என்று சொன்னது தங்களுக்கு நினைவிருக்கலாம், இல்லாமலும் போகலாம். எனக்கு நினைவிருக்கிறது. அந்தச் சலுகையை நான் இதுநாள்வரை ஒருமுறைகூடப் பயன்படுத்தவில்லை. அது காலாவதியாகிவிடவில்லை என்றால் இப்போது பயன்படுத்திக்கொள்ள அனுமதி கோருகிறேன். இது நான்காவது பிரதி. முதல் பிரதியில் கோபம் அதிகமாக இருந்தது, இரண்டாவதில் என்மேல் எனக்கே இரக்கம் வந்துவிட்டது, மூன்றாவதில் தேநீர் கொட்டிவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தெருவின் பின்புறம் பல்கலைக்கழகம் இருப்பதைச் சென்ற முறை வந்தபோது பார்த்திருப்பீர்கள். அங்கே புதிதாக ஒரு கட்டடம் எழுப்பியிருக்கிறார்கள். உள்ளே நுழைந்ததும் மூன்று மாடி உயரத்துக்கு ஒரே வெற்றிடமாகக் கூடம். தரை கண்ணாடி மாதிரி, ஒரு மேடு பள்ளம் கிடையாது. தங்கள் தங்கையின் முழங்காலைப் பரிசோதித்த மருத்துவர் (அந்த முழங்கால் தங்கள் குடும்பச் சொத்து என்பதை நான் குறையாகச் சொல்லவில்லை) மேடு பள்ளம் இல்லாத இடத்தில்தான் நடக்க வேண்டும் என்று சொல்லிவிட்டதால், காலையில் அந்தக் கூடத்தைச் சுற்றி நடக்கும் பெரியவர்களோடு நாங்களும் சேர்ந்துகொண்டோம். பத்துப் பதினைந்து பேர் வருகிறார்கள். எனக்கு அங்கே 'டைம்டேபிள்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பேருந்து அலுவலகத்தின் கால அட்டவணைப் பிரிவில் முப்பத்துமூன்று ஆண்டுகள் வேலை பார்த்தேன் என்று முதல் நாள் வாய்தவறிச் சொன்னதன் பலன்.

அந்தக் கூடத்தின் நடுவில்தான் அது தொங்குகிறது. மேற்கூரையிலிருந்து தொடங்கி, நம் தலைக்கு இரண்டு முழம் மேலே வரை, கண்ணாடிக் குழாய்களைக் கொத்துக் கொத்தாகத் தொங்கவிட்டு, ஒவ்வொன்றுக்குள்ளும் விளக்கு வைத்திருக்கிறார்கள். ஒளிச்சிற்பம் என்கிறார்கள். ஆயிரம் குழாய்க்கு மேல் இருக்கும் என்று பல் டாக்டர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். நானூற்றுப் பன்னிரண்டு. இரண்டு முறை எண்ணினேன். பல் டாக்டர் யார் என்பதைக் கீழே எழுதுகிறேன். இப்போதே எழுதினால் கையெழுத்து கோணிவிடும். சிற்பத்தின் பெயர் 'நாம்'. அதன் நேர்கீழே தரையில் இரண்டு வட்டத் தட்டுகள் பதித்திருக்கிறார்கள். பக்கத்திலேயே ஒரு பலகை. ஆளுக்கொரு தட்டில் இருவர் இயல்பாக நிற்க வேண்டும். அவர்களிடையே உள்ள இணக்கத்தைச் சிற்பம் காலடி வழியாகவே உணர்ந்து, அதற்கேற்ற ஒளியைத் தரும். அவர்கள் நீங்கிய பின்னும் அந்த நினைவு சிறிது நேரம் நீடிக்கும் என்று அந்தப் பலகை சொல்கிறது. தொடக்க விழா வரும் வெள்ளிக்கிழமை, அதுவரை சோதனை ஓட்டம் என்று கடைசி வரியில் பொடி எழுத்தில் இருக்கிறது. பலகையை முழுவதும் படித்தவன் அங்கே நான் ஒருவன்தான்.

சோதனை தொடங்கி இன்றோடு இருபத்தொரு நாள். முதல் நாள் நடந்ததைச் சொல்கிறேன். வீட்டை விட்டுக் கிளம்பும்போது நான் எரிவாயு அடுப்பு, குழாய்கள், ஜன்னல்கள், மின்விசிறிகள் எல்லாவற்றையும் ஒரு வரிசைப்படி பார்த்து, கதவைப் பூட்டி, பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன் என்பது தங்களுக்குத் தெரியும். தாங்கள் ஒருமுறை ரயிலைத் தவறவிட்டதும் அதனால்தான். அதற்கு மறுபடியும் வருந்துகிறேன். முன்பெல்லாம் தங்கள் தங்கை வாசலில் காத்திருப்பாள். முழங்கால் வலி வந்த பிறகு, "நீங்க பூட்டை இழுத்துக்கிட்டே இருங்க, நான் மெதுவா நடக்கறேன்" என்று சொல்லிவிட்டு முன்னால் போய்விடுகிறாள். அன்றும் போய்விட்டாள். நான் கூடத்துக்குள் நுழைந்தபோது மணி 6.51. நுழைந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். நானூற்றுப் பன்னிரண்டு குழாய்களும் பொன்னிறமாக எரிந்துகொண்டிருந்தன. மேலிருந்து கீழாகப் பொன் உருகி வழிவது மாதிரி இருந்தது. அதன் கீழே ஒரு தட்டில் தங்கள் தங்கை, அண்ணாந்து பார்த்தபடி, முகமெல்லாம் வெளிச்சமாக. எதிர்த்தட்டில் பல் டாக்டர்.

இந்தப் பல் டாக்டர் ஓய்வுபெற்ற பல் மருத்துவர். மனைவி காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. என்னைவிட இரண்டு வயது மூத்தவர். முப்பத்திரண்டு பற்களும் சொந்தம். அதை அவரே சொல்வார். சொல்லாவிட்டாலும் தெரியும், வாயை மூடினால்தானே. என் மேல்வரிசை எப்படிப்பட்டது என்பது தங்களுக்குத் தெரியும். அதைப் பற்றி இங்கே விரிக்க விரும்பவில்லை. அவர் பலகையைப் படிப்பதில்லை. வருகிறார், தட்டில் ஏறுகிறார், "வாங்கம்மா, இன்னிக்கு என்ன கலர் வருதுன்னு பாத்துடலாம்" என்கிறார். அவ்வளவுதான் அவருடைய தயாரிப்பு.

என்னைக் கண்டதும் அவர் மரியாதையாகத்தான் இறங்கி வழிவிட்டார். "வாங்க சார், உங்க இடம்" என்றார். நான் முதலில் பலகையைப் படித்தேன். பிறகு தட்டில் எந்தக் காலை முதலில் வைப்பது என்று யோசித்தேன். அதைப் பற்றிப் பலகையில் ஒன்றும் இல்லை. பிறகு ஏறினேன். ஏறியதும், மைத்துனர் அவர்களே, மூன்றாவது மாடியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு வரிசையாக, யாரோ மாடிப்படி இறங்கிவந்து ஊதி அணைப்பது மாதிரி, எல்லா விளக்கும் அணைந்துபோயின. என் தலைக்கு மேலே இருந்த ஒரு குழாய் மட்டும் கொஞ்சம் துடித்தது. பிறகு அதுவும் போய்விட்டது. பதினைந்து பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "பரவாயில்ல சார், மெஷினுக்கும் கூச்சம் இருக்கும்ல" என்றார் பல் டாக்டர். எல்லோரும் சிரித்தார்கள். தங்கள் தங்கையும் சிரித்தாள். பிறகு, "சரி வாங்க, நடக்கலாம்" என்றாள்.

ஒரு நாள் நடந்ததை வைத்து நான் முடிவுக்கு வருகிறவன் இல்லை. அன்றே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். நேரம், தட்டில் நின்றவர்கள், நிறம், தங்கள் தங்கையின் முகபாவம் என்று பத்தி பத்தியாகக் கோடு போட்டேன். காவலாளி தினமும் சரியாக 6.30க்கு விளக்கைப் போடுகிறார். ஒரு நிமிடம் முன்பின் கிடையாது. அந்த மனிதர் எங்கள் அலுவலகத்தில் இருந்திருக்க வேண்டியவர். 6.46 அளவில் பல் டாக்டரும் தங்கள் தங்கையும் ஏறுகிறார்கள், பொன்னிறம். 6.52 தாண்டி நான் ஏறுகிறேன், இருள். இரண்டாம் நாள் அப்படியே. மூன்றாம் நாளும். ஏழாம் நாள் என் செருப்பில் கோளாறோ என்று புதிய செருப்பு போட்டுப் பார்த்தேன், இருள். எட்டாம் நாள் வெறுங்காலோடு நின்றேன். தரை சில்லென்று இருந்தது; இருள். நாங்கள் இருவரும் இறங்கிய பிறகு, 7.02க்குத் தோட்டக்காரர் குறுக்கே போகும்போது வெள்ளை வெளேரென்று எரிந்தது. அவர் தட்டை மிதிக்கவே இல்லை. யாருமே நிற்காதபோதும் எரிகிறதே என்று ஒரு நாள் நான் கூச்சத்தோடு கேட்டதற்குப் பல் டாக்டர் என் தோளைத் தட்டி, "அது ஞாபகம் சார். நானும் அம்மாவும் நின்னதை நெனச்சுக்கிட்டிருக்கு" என்றார். பலகையிலும் அப்படித்தானே போட்டிருக்கிறது?

ஒன்பதாம் நாள் ஒரு முடிவோடு எழுந்து, தங்கள் தங்கையோடு சேர்ந்தே கிளம்பினேன். பூட்டை இழுத்துப் பார்க்கவில்லை. பாதி வழியில், இழுத்துப் பார்க்கவில்லையே என்ற நினைப்பு வந்துவிட்டது. திரும்பிப் போய் இழுத்துவிட்டு வந்தேன். 6.54. இருள். பன்னிரண்டாம் நாள் இன்னும் முன்னதாகக் கிளம்பி, எல்லோருக்கும் முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டேன். ஆனால் பலகையில் 'இயல்பாக நிற்கவும்' என்று இருக்கிறதே, இயல்பாக நிற்பது என்றால் எப்படி என்று அதன் முன்னால் நின்று யோசித்துக்கொண்டிருந்தபோது பல் டாக்டர் வந்து, "ஏறுறீங்களா சார்?" என்றார். "இல்லை இல்லை, நீங்க முதல்ல" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று கேட்காதீர்கள். நாற்பது வருடப் பழக்கம். கடைத்தெருவில், வங்கி வாசலில், மின்தூக்கியில், எங்கேயும் நான் முதலில் போனதில்லை. அவர் ஏறினார், பொன்னிறம் வந்தது. ஆறு நிமிடம் நின்று ரசித்துவிட்டு இறங்கினார், நான் ஏறினேன். முடிவை எழுத வேண்டியதில்லை.

குறை என்னிடமா, எங்கள் இருவருக்கும் இடையிலா என்று தெரிந்துகொள்ள, தங்கள் தங்கை நடக்கப் போன பிறகு, காவலாளியைக் கெஞ்சி எதிர்த்தட்டில் நிற்கவைத்தேன். மணி 7.10. பச்சை. நல்ல பச்சை, புதுத் தளிர் மாதிரி. காவலாளி ரொம்ப சந்தோஷப்பட்டார். அன்றிலிருந்து என்னைக் கண்டால் எழுந்து நிற்கிறார். ஆக, குறை என் காலில் இல்லை. இது ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. பதினான்காம் நாள் இன்னும் கேவலம். 7.18க்குத் தரை துடைக்கும் அம்மாள் ஒரு தட்டில் நின்றுகொண்டு, எதிர்த்தட்டில் தண்ணீர் வாளியை வைத்தார். பொன்னிறம். மேலிருந்து கீழ்வரை, ஒரு குழாய் பாக்கி இல்லாமல், பொன்னிறம். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பல் டாக்டரிடம் தோற்பதை ஒருவாறு தாங்கிக்கொள்ளலாம். படித்தவர், பல் இருக்கிறது. வாளிக்குக் கைப்பிடிகூட ஒரு பக்கம் கழன்றிருந்தது. அன்று முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை. "என்ன, பல்செட்டு உறுத்துதா?" என்று தங்கள் தங்கை கேட்டாள். பார்த்தீர்களா, அவளுக்கும் பல் ஞாபகம்தான்.

நான் சந்தேகப் பிராணி இல்லை. தங்கள் தங்கையின் குணத்தில் எள்ளளவும் எனக்குக் குறை கிடையாது. அதை அடிக்கோடிட்டு எழுதுகிறேன். ஆனால் பேச்சு எப்படி மாறியிருக்கிறது என்று பாருங்கள். முன்பு வீட்டில் காலை வேளையில் பேசுவது நான்தான், அதுவும் அளவோடு. இப்போது நாள் முழுக்க, "டாக்டர் என்ன சொன்னார் தெரியுமா?" "டாக்டர் கூட நாலு சுத்து நடந்தேன், வலியே தெரியல." "டாக்டருக்கு அறுபத்தஞ்சுக்கு மேல மதிக்க முடியுமா?" எழுபத்துமூன்று மைத்துனரே அவருக்கு, எழுபத்துமூன்று! நான் அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு நாள் பொறுக்க முடியாமல், துணி மடித்துக்கொண்டிருந்தவளிடம், பேச்சோடு பேச்சாக வருவது மாதிரி, "டாக்டர் கூட அந்த வெளிச்சத்துல நிக்கும்போது உனக்கு என்ன தோணுது?" என்று கேட்டேன். "கால் வலிக்குது" என்றாள். அதோடு நின்றிருந்தால் தேவலை. மடித்த துணியை என் கையில் கொடுத்துவிட்டு, "ஆனா அந்த வெளிச்சம் நல்லா இருக்கு. நீங்க வர்றதுக்குள்ள அதுக்குத் தூக்கம் வந்துடுது, நான் என்ன பண்ண?" என்றாள். தொலைபேசி இணைப்பகத்தில் முப்பது வருடம் பேசிப் பழகிய குரல். எவ்வளவு மோசமான செய்தியையும் இனிமையாகச் சொல்லிவிடுகிறாள்.

இப்போது முக்கியமான கட்டத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை தொடக்க விழாவில் துணைவேந்தர் முன்னிலையில் முதன்முதலாகத் தட்டில் ஏற ஒரு மூத்த இணை வேண்டும் என்று பல்கலைக்கழகத்திலிருந்து கேட்டிருக்கிறார்கள். காலையில் நடக்கிறவர்களில் இரண்டு பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். எல்லோரும் தங்கள் தங்கையைத்தான் சொன்னார்கள். சிறப்பு அழைப்பாளர்கள், படம் பிடிப்பவர்கள், மூன்று மாடியிலும் மாணவர்கள். சென்ற செவ்வாய்க்கிழமை அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அவள் என்னிடம்தான் முதலில் வந்தாள், அதை நான் மறுக்கவில்லை. "வெள்ளிக்கிழமை நாம ரெண்டு பேரும் நிக்கலாமா?" என்று கேட்டாள். என் கண் முன்னால் என்ன வந்திருக்கும் என்று தங்களால் ஊகிக்க முடியும். துணைவேந்தர் கை தட்டத் தயாராக நிற்கிறார், படம் பிடிப்பவர் குனிகிறார், நான் காலை வைக்கிறேன், மூன்றாவது மாடியிலிருந்து ஒவ்வொரு வரிசையாக... "பார்க்கலாம்" என்றேன். புதன்கிழமை கேட்டாள், "பார்க்கலாம்" என்றேன். வியாழன், வெள்ளி, சனி. ஐந்து முறை. நேற்று ஞாயிற்றுக்கிழமை நான் மூக்குக் கண்ணாடியைத் தேடும்போது, சாப்பாட்டு மேசையில் அந்தத் தாள் கிடந்தது. முதல் கட்டத்தில் அவள் பெயர். இரண்டாவது கட்டத்தில், மருந்துச் சீட்டு எழுதி எழுதிப் பழகிய ஒரு கையெழுத்து. என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவே முடியவில்லை. யாருடையது என்று உடனே தெரிந்தது.

நான் கேட்கவில்லை. கேட்டால், "நீங்கதானே பார்க்கலாம்னீங்க?" என்பாள். அது உண்மை. உண்மைக்கு எதிராக என்னால் வாதாட முடிந்ததில்லை. ஒருவேளை அந்தச் சிற்பமே உண்மையைத்தான் சொல்கிறதோ என்று இரண்டு நாளாக ஒரு நினைப்பு அரிக்கிறது. நாற்பத்தொரு வருடம் ஒரே வீட்டில், சண்டை இல்லை, சத்தம் இல்லை; அதை நான் ஒற்றுமை என்று கணக்கில் வைத்திருந்தேன். அது வெறும் அமைதிதானோ? ஒரு இயந்திரம் காலடியில் தொட்டுப் பார்த்துவிட்டு, இங்கே எரிய ஒன்றுமில்லை என்று தினமும் பதினைந்து பேர் முன்னிலையில் சொல்கிறது. வாளிக்கு இருப்பது எனக்கு இல்லை. எனக்குக் கோபம் வந்தால் பரவாயில்லை. வருவது பொறாமை. இந்த வயதில் பொறாமை எவ்வளவு சிரமமானது தெரியுமா, உட்கார்ந்தாலும் சரியில்லை, படுத்தாலும் சரியில்லை, அவர் சிரிக்கிற சத்தம் கேட்டால் என் மேல்வரிசை தானாக ஆடுகிறது, ஒரு நாள் அவர் தட்டில் ஏறும்போது கால் இடறாதா என்றுகூட நினைத்துவிட்டேன், நினைத்துவிட்டு அன்றைக்கு முழுக்க அவரிடம் தேவைக்கு மேல் மரியாதையாக நடந்துகொண்டேன், அவர் வேறு, "என்ன சார், ரொம்பப் பிரியமா இருக்கீங்க?" என்று கட்டிப்பிடித்துக்கொண்டார்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். தாங்கள் புதன்கிழமைக்குள் தங்கள் தங்கையைத் தொலைபேசியில் அழைத்து, தங்களுக்கே தோன்றியது மாதிரி, முழங்கால் வலியோடு விழாக்களில் நிற்பது உசிதமில்லை என்று ஒரு அண்ணனாக எடுத்துச் சொல்ல வேண்டும். கடிதத்தைப் பற்றி மூச்சு விட வேண்டாம். விழா என்ற விஷயம் தங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால் என்ன சொல்வது என்று நானும் யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் தோன்றவில்லை. தங்களுக்கு ஏதாவது தோன்றும். இது சரியில்லை என்று தாங்கள் கருதினால், என்னை மன்னித்து, இக்கடிதத்தைக் கிழித்துவிடவும். சரி என்று கருதினாலும் கிழித்துவிடவும்.

தங்கள் துணைவியாருக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். பேரக் குழந்தைகள் இருவரும் நன்றாகப் படித்து, நல்ல பற்களோடு நீண்ட காலம் வாழ என் ஆசிகள். தங்கள் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் விடாமல் கொடுக்கவும்.

இப்படிக்கு,
என்றும் தங்களுக்கு அடங்கிய,
தங்கள் தங்கையின் கணவன்.

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து, செவ்வாய்க்கிழமை காலை இதை எழுதுகிறேன். உறையின் ஓரம் கிழிந்திருப்பதற்கு மன்னிக்கவும். நேற்று இக்கடிதத்தைத் தபாலில் சேர்க்கப் போகும் வழியில் கூடத்துக்குள் எட்டிப் பார்த்தேன். மின்பணியாளர் ஒருவர் ஏணியில் இருந்தார். அவர் இறங்கும்வரை காத்திருந்து கேட்டேன்.

"தம்பி, எடை குறைஞ்சவங்களை இந்தத் தட்டு கவனிக்காதோ? நான் ஐம்பத்துநாலு கிலோதான்."

"அது இன்னும் யாரையுமே கவனிக்கல சார். தட்டுக்கு ஒயரே குடுக்கலையே. வியாழக்கிழமை பகல்லதான் இணைக்கப் போறோம்."

"அப்ப மூணு வாரமா எரிஞ்சது?"

"அது குழாயெல்லாம் ஒழுங்கா எரியுதான்னு பாக்க ஓடவிட்டிருக்கோம் சார். காலைல வாட்ச்மேன் சுவிட்ச் போட்டதும் ஆரம்பிக்கும். எட்டு நிமிஷம் வெள்ளை, எட்டு நிமிஷம் பச்சை, ஆறு நிமிஷம் மஞ்சள், எட்டு நிமிஷம் ஓய்வு. திரும்ப முதல்லேர்ந்து. அரை மணிக்கு ஒரு சுத்து. பஸ் டைம்டேபிள் மாதிரி."

அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தைத் திறந்தேன். முதல் பத்தி, நேரம். இருபத்தொரு நாளும் ஒரு நிமிடம் பிசகவில்லை. 6.46 முதல் 6.52 வரை பொன்னிறம். 6.52 முதல் 7 மணி வரை இருள். 7.18, வாளி. முப்பத்துமூன்று ஆண்டுகள் கால அட்டவணை போட்டவன், ஒரு கால அட்டவணையை என் கையாலேயே கோடு போட்டு எழுதிவைத்துக்கொண்டு, அதைப் படித்துப் படித்து வயிறெரிந்திருக்கிறேன்.

வீட்டுக்கு ஓடிவந்து தங்கள் தங்கையிடம் சொன்னேன். அவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"வாளிக்கு மஞ்சள் எரிஞ்ச அன்னிக்கே எனக்குத் தெரியும்."

"ஏன் சொல்லல?"

"ஆறு நிமிஷம் முன்னால வந்து நிப்பீங்களான்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

"அப்ப அந்தத் தாள்ல டாக்டர் பேர்?"

"அவரா எழுதிக்கிட்டார். நான் இன்னும் கையெழுத்துப் போடல. பார்க்கலாம்ங்கறதைத் தவிர வேற ஏதாவது உங்க வாயிலிருந்து வந்தா, அவர் பேரை அடிச்சிடலாம்னு இருக்கேன்."

வந்தது. என்ன சொன்னேன் என்பதைத் தங்களுக்கு எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆகவே மேலே எழுதிய பக்கங்கள் அனைத்தையும் ரத்துசெய்ததாகக் கருதி, தொலைபேசியில் அழைக்காமல் இருக்கவும். வெள்ளிக்கிழமை நாங்கள் இருவரும் நிற்கிறோம். அன்று அது நிஜமாகவே காலைத் தொட்டுப் பார்க்குமாம். பயமாகத்தான் இருக்கிறது.

இன்று காலை பூட்டை அவளே இழுத்துப் பார்த்தாள், ஒரே முறை. 6.46க்குத் தட்டில் ஏறிவிட்டோம். பொன்னிறம். அது சுவிட்சின் வேலை என்று தெரிந்துகொண்டேதான் நின்றேன். இருந்தாலும் அவள் முகத்தில் விழுந்த வெளிச்சம் வெளிச்சம்தானே. பல் டாக்டர் வந்து பக்கத்தில் காத்திருந்தார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்து, சரியாக 6.52க்கு இறங்கி, "வாங்க டாக்டர், உங்க இடம்" என்று வழிவிட்டேன். அவர் ஏறினார். மூன்றாவது மாடியிலிருந்து ஒவ்வொரு வரிசையாக எல்லாம் அணைந்தது. இருட்டில் அவருடைய பற்கள் மட்டும் தெரிந்தன. கொஞ்ச நேரத்தில் அவையும் மறைந்தன.

"என்ன சார் இது, என்னைக் கண்டதும் அணைஞ்சிடுச்சு?" என்றார்.

"பரவாயில்ல டாக்டர்" என்றேன். "மெஷினுக்கும் கூச்சம் இருக்கும்ல."

ஒயர் இணைக்க இன்னும் இரண்டு காலைகள் இருக்கின்றன. அதுவரை அவரிடம் சொல்வதாக இல்லை.